சாப்பிட்டு முடித்தால்தான் ஓடிபி

சலூனின் கண்ணாடிக் கதவை அவள் தட்டிய வேகத்தில், உள்ளே மாட்டியிருந்த சீப்புகள் ஒன்றையொன்று வாரிவிட்டுக் கொண்டன.

"கூரியர்!"

பதில் இல்லை. கதவில் ஒரு பலகை மட்டும் தொங்கியது. 'மதியம் கடை மூடியிருக்கும். அவசரமானவர்கள் சாயங்காலம் வரவும்.'

இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் படித்ததில்லை. பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. காலில் சுடுகஞ்சி கொட்டிக்கொண்டவள்போல ஓடுவாள். அவள் ஸ்கூட்டர் ஒரு தெருவைக் கடந்த பிறகும் அவளுடைய நிழல் முந்தின தெருவிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். ஆபீசில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். மதியச் சாப்பாடு என்பது அவளுக்குப் பிஸ்கெட். சிவப்பு விளக்கு விழுந்தால் பிஸ்கெட், மஞ்சள் விழுந்தால் தண்ணீர், பச்சை விழுந்தால் விக்கல்.

கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தாள். வெள்ளைத் துணி விரித்த ஒரு மேஜை. இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவன் தனியாக உட்கார்ந்து தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வில்லையையும் தங்கைக்கு வந்த மாப்பிள்ளையைப்போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு எண்ணெய்... பிறகு விரல் நுனியால் உப்பு...

"சார்! கண்ணு தெரியுதுல்ல? கூரியர்!"

அவன் மடியிலிருந்த துணியை மடித்து வைத்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளினான். நடந்து வந்தான். அந்த நேரத்தில் ஒரு சின்னக் கல்யாணத்தையே முடித்திருக்கலாம்.

"உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

"வரலை சார். ஓடிபி சொல்லுங்க, போயிட்டே இருக்கேன்."

"அது போன்லல்ல வரும்?"

"போன்லதான் வரும். பின்ன புறாவா கொண்டு வரும்?"

"போன் டிராயர்ல இருக்கு. சாப்பிடும்போது எடுக்கறதில்லை."

"சாப்பிட்டு முடிக்க எவ்வளவு நேரமாகும்?"

"தெரியலையே... இப்பத்தான் தக்காளிக்கே வந்திருக்கேன்."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று நிமிர்ந்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. அவன் கண்கள்... எங்கேயும் போக வேண்டிய அவசியமே இல்லாத கண்கள். பார்த்தால் பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் கண்கள். இப்போது அவள் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. நாலு வார்த்தையில் மூன்று மறந்துபோயிற்று.

"உக்காருங்களேன்," என்றாள். கடை அவனுடையது என்பது உள்ளே காலெடுத்து வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவன் சிரிக்காமல் இன்னொரு தட்டு எடுத்து வைத்தான். அவள் முதல் ரொட்டித் துண்டை மாத்திரை மாதிரி விழுங்கினாள்.

"மேடம், அதுல ருசியும் இருக்கு. மென்னா தெரியும்."

"இதெல்லாம் எந்த ஊர்ல கத்துக்கிட்டீங்க?"

"இத்தாலியில."

உண்மைதான். அங்கே ஒரு மலையூரில் பல வருஷம் சவரக்கத்தி பிடித்தவன் அவன். மதியமானால் எல்லாரும் கடையை மூடிச் சாப்பிடப் போகிற ஊரில், போன புதிதில் இவன் மட்டும் திறந்து வைத்தானாம். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தெருவே துக்கம் விசாரிக்க வந்ததாம். அதற்குப் பிறகு அவனும் மூடக் கற்றுக்கொண்டான். உட்கார்ந்து சாப்பிடவும் சாயங்காலம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு காரியமே இல்லாமல் உலாவவும் கற்றுக்கொண்டான். ஊர் திரும்பி ஒற்றை நாற்காலி சலூன் போட்டபோது அந்தப் பழக்கங்களும் கூடவே வந்துவிட்டன. தெரு அவனுக்கு இத்தாலி என்றே பெயர் வைத்தது.

அன்றைக்கு அவள் மிச்ச பார்சல்களையெல்லாம் தாமதமாகத்தான் கொடுத்தாள். யாரும் செத்துப்போகவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

அந்த வாரமே இன்னொரு பார்சல் வந்தது. ஒரு சீப்பு. பிறகு இன்னொரு சீப்பு. ஒரு பிரஷ். அதன் மூடி தனியாக. எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வர வேண்டும் என்ற குறிப்போடு வந்தன. ஊரிலுள்ள தலைகளையெல்லாம் வாரிவிட்டு, வழுக்கைகளுக்கும் ஆறுதலாக ஆளுக்கொன்று கொடுக்கிற அளவுக்குச் சீப்பு சேர்ந்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"ஏன் இத்தாலி, எல்லாத்தையும் ஒரே பெட்டியில வாங்கினா என்ன?"

"ஒரே பெட்டியில வாங்கினா ஒரே தடவைதானே வருவீங்க?"

காது மடல் சூடாயிற்று. 'வெயில்,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மழை விடுகிற மாதிரி இல்லை. இருவரும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தார்கள். ஒரு துளி மேலிருந்து புறப்பட்டு, பாதி வழியில் நின்று, இன்னொரு துளி வந்து சேர்ந்ததும் இரண்டுமாக வழுக்கிக்கொண்டு இறங்கியது...

"இப்ப நாம என்ன பண்ணிட்டிருக்கோம்?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணலை. அங்க இதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க. சும்மா இருக்கிறதோட இனிப்புன்னு அர்த்தம்."

"எங்க வீட்லயும் இதுக்குப் பேரு வச்சிருக்காங்க. தண்டச்சோறுன்னு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் மெதுவாகத்தான் வந்தது. முதலில் கண்ணுக்கு, பிறகு கன்னத்துக்கு, கடைசியில்தான் உதட்டுக்கு. காத்திருந்து பார்க்க வேண்டிய சிரிப்பு... அவள் காத்திருந்தாள்.

பிறகு சாயங்காலங்களில் ஸ்கூட்டரை அணைத்துத் தள்ளிக்கொண்டு அவனோடு நடந்தாள்.

"எங்க போறோம்?"

"தெருக்கோடிக்கு."

"அங்க என்ன இருக்கு?"

"திரும்பி வர இடம் இருக்கு."

இந்தப் பதிலுக்காகவே ஒருவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வீட்டில் அப்பா இருந்தார்.

அப்பா ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். அவர் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டில் சூரியன்கூட உள்ளே வராது. ரயில் நின்று புறப்படுகிற நேரத்துக்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிடுவார். அம்மா போன பிறகு மகள்தான் அவருக்கு எல்லாம். அந்த மகள் ஒருநாள், "ஒருத்தரைப் பார்க்கணும்ப்பா," என்றபோது, "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அவள் இத்தாலியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை நாலு மணி. நாலுன்னா நாலு. அப்பாவும் நீங்களும் ஒரே மேஜையில உக்காரணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா காலையிலிருந்தே நாற்காலிகளைத் துடைத்தார். துடைத்த நாற்காலியை மறுபடி துடைத்தார். நாலு மணிக்கு வாசலில் போய் நின்றார். ஆயுசு முழுக்க வண்டிகள்தான் அவருக்காகக் காத்திருந்தன. அவர் ஒருவருக்காகக் காத்து நின்றதை அவள் அன்றுதான் பார்த்தாள். நாலு போயிற்று. ஐந்தும் போயிற்று. அப்பா வாசலைவிட்டு நகரவில்லை. திட்டியிருந்தால் தேவலை...

வெயில் தாழ்ந்த பிறகு இத்தாலி வந்தான். நல்ல சட்டை, கையில் பூ, முகத்தில் நிம்மதி.

அப்பா கேட்டை மூடினார். "வண்டி போயிடுச்சு தம்பி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் ஓடி வந்தாள். "என்னாச்சு? அடிகிடி பட்டுச்சா? வழியில யாருக்காவது ஏதாவது..? ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்க இத்தாலி. நான் அப்பாகிட்ட சொல்லிக்கிறேன்."

அவன் யோசித்தான். "காரணம் ஒண்ணும் இல்லை. பாலத்துமேல வானம் ரொம்ப அழகா இருந்துச்சு. நின்னுட்டேன்."

"வானம்."

"ஆமா."

"உங்க நேரத்தை நீங்க எவ்வளவு மெதுவா வேணா செலவு பண்ணுங்க. எங்கப்பா நேரத்தை யார் உங்களுக்குக் கொடுத்தது? மெதுவா இருக்கிறது வேற, காக்க வைக்கிறது வேற. அது தெரியாமத்தான் அத்தனை வருஷம் அங்க இருந்தீங்களா?"

அவன் வாய் திறப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. அவன் வாய் திறக்க எப்போதுமே கொஞ்சம் நேரமாகும்.

மறுநாளே அவள் வேறு ஏரியா கேட்டு மாற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். அவன் போன் செய்யவில்லை. 'நான் ஒண்ணும் எதிர்பார்க்கலை,' என்று சொல்லிக்கொண்டே போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தாள்.

ஆனால் பாருங்கள், பழக்கம் பொல்லாதது. ஒரு மதியம் சிவப்பு விளக்கில் பிஸ்கெட்டைக் கடித்தாள்... தொண்டையில் இறங்கவில்லை. ஸ்கூட்டரை ஒரு மரத்தடியில் நிறுத்தினாள். போனைப் பார்சல் பெட்டிக்குள் போட்டு மூடினாள். சீட்டின்மேல் கைக்குட்டையை விரித்து, ஒரு தக்காளியை நறுக்கினாள். எண்ணெய் இல்லை, உப்பு மட்டும்தான். நிதானமாக மென்றாள்.

கூட வேலை செய்கிற அக்கா அந்த வழியாக வந்து பிரேக் போட்டாள். "என்னடி எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் ஆயிட்ட? உடம்புக்கு என்ன?"

"சாப்பிடறேன்க்கா."

"அது தெரியுது. அதுக்கு ஏன் அழற?"

"உப்பு ஜாஸ்தி," என்றாள்.

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் துணி விரித்தாள். டிவியை அணைத்தாள். அப்பா திடுக்கிட்டார்.

"என்னம்மா, கரண்ட் போச்சா?"

"இல்லப்பா. உக்காந்து பேசிக்கிட்டே சாப்பிடலாம்."

"பேசறதுக்கு என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லைதான். முதல் நாள் இருவரும் குழம்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் அப்பா பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசினார். பிறகு ஒருநாள், கை காய்ந்துபோன பிறகும் எழுந்திருக்காமல், "உங்கம்மாவும் இப்படித்தான் உக்காருங்கன்னு சொல்லுவா," என்றார். "வண்டி வந்துடும்னு எழுந்து ஓடிடுவேன். எல்லா வண்டியும் சரியாத்தான் போச்சு..."

அவள் அவருக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பையன் வர்றான்."

"எந்தப் பையன்?"

"வானம் பார்த்தவன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வர்றான். நீ வேலைக்குப் போயிடற. டாண்ணு நாலு மணிக்கு கேட்டுக்கு வெளிய வந்து நிக்கிறான். 'மன்னிச்சிடுங்க சார்'ங்கிறான். போயிடறான்."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லலை?"

"ஒரு தடவை சரியா வந்தா அது தற்செயல். தொடர்ந்து வர்றானான்னு பார்த்துட்டிருந்தேன்." அப்பா எழுந்தார். "பொய் சொல்லவும் தெரியலை அவனுக்கு. டிராபிக்னு சொல்லியிருந்தா நானே நம்பியிருப்பேன்."

அடுத்த ஞாயிறு அவள் லீவு போட்டாள். காலையிலிருந்தே மழை. கடிகார முள் நகர மறந்து சுவரோடு பேசிக்கொண்டிருந்தது. நாலு மணி நெருங்கியபோது அவள் குடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். தெரு காலி. வானம் வேறு... பாழாய்ப்போன வானம், இன்றைக்கும் அழகாகவே இருந்தது. 'நின்றுவிட்டானோ?'

தெருமுனையில் ஒருவன் ஓடி வந்தான்.

ஓடினான்! அந்த ஊரில் அவன் ஓடியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. குடை இல்லை. நல்ல சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கால் செருப்பு எங்கேயோ தங்கிவிட்டது. கேட்டுக்கு முன்னால் வந்து நின்று, தலையைக்கூட நிமிர்த்தாமல், "மன்னிச்சிடுங்க சா..." என்று ஆரம்பித்தான். நிமிர்ந்தான். வார்த்தை பாதியிலேயே நனைந்துவிட்டது.

அவள் கண்களில் மழை நின்றிருந்தது. குடைக்குள் எப்படி மழை வந்தது என்று அவன் கேட்கவில்லை.

வாசலில் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "கேட்டைத் திறம்மா," என்றார். "நான் போய் காபி போடறேன். மெதுவாத்தான் போடுவேன்."

கேட்டைத் திறந்தாள். அவன் உள்ளே வரவில்லை. மூச்சு வாங்கியது. எதையோ பிடித்து வைத்திருந்தவன்போல ஒரே மூச்சில் கொட்டினான்.

"நீங்க சொன்னதுதான் சரி உங்க நேரம் என் நேரம் இல்லைன்னு இப்பத்தான் புரிஞ்சுது சீப்பெல்லாம் உங்களுக்காகத்தான் வாங்கினேன் நீங்க இல்லாம தக்காளிகூட வெறும் தக்காளியா இருக்கு எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் குடையைக் கொஞ்சம் அவன் பக்கம் சாய்த்தாள். இப்போது இருவருமே பாதிப் பாதி நனைந்தார்கள்.

"இவ்வளவு வேகமா சொன்னா எனக்கு எப்படிப் புரியும்?" என்றாள். "மறுபடி சொல்லுங்க... மெதுவா."

அவன் சொன்னான். ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் மழைக்கும் இடம் விட்டுச் சொன்னான். அவள் ஒரு வார்த்தையையும் முந்திக்கொள்ளவில்லை. கடைசி வார்த்தை வந்து சேர்ந்த பிறகு, அவன் ஈரக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு. அன்னைக்கு மதியமே பிடிச்சுப்போச்சு. சொல்லத்தான் இவ்வளவு நாளாச்சு."

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் பதறிக்கொண்டு வந்தது. "அம்மாடி, பால் பொங்குது! யாராவது சீக்கிரம் வாங்களேன்!"

இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.