வயரில் விழுந்த தையல்

"விளக்கை அணைக்காதீங்க!"

டீச்சரின் அலறல் ஷெட் முழுக்க எதிரொலித்தது.

காலை பத்து மணி. வெளியே சாரல். பாதி இறக்கிய ஷட்டர். உள்ளே அரை இருட்டு.

"அணைச்சாத்தான் டீச்சர் பேய் கண்ணுக்குத் தெரியும்," என்றான் மெக்கானிக்.

டீச்சர் சிரிக்கவில்லை. ஷெட்டில் நின்ற அந்த வெள்ளைக் கார் போன வருஷம் வரை அவள் தங்கையுடையது. ஏரிக்கரை வளைவில், பனிமூட்டத்தில் வண்டி நின்றுபோக, இறங்கி பானட்டைத் திறந்தவளை லாரி அடித்துப் போட்டுவிட்டது.

காரில் ஒரு கீறல் கூட இல்லை.

"ஈரம் பட்டாலே நிக்குது தம்பி... அதுவும் அதே வளைவுல. நிக்கறதுக்கு முன்னாடி ரேடியோவுல டிக்... டிக்...னு ஒரு சத்தம். என் தங்கச்சி கோவம் வந்தா நாக்கைத் தட்டுவா. அதே சத்தம். என்னையும் கூப்பிடறா போல."

"வண்டியை யார் கொடுத்தா?"

"அவ புருஷன்தான். சாவுல சந்தேகமா இருக்கு, போலீசுக்குப் போகப்போறேன்னு சொன்னேன். மறுநாளே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவ நினைவா வெச்சுக்குங்கன்னார்."

"நல்ல மனுஷன்."

மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு ரேடியோவைப் போட்டான். விளக்கை அணைத்தான். செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்து என்ஜின் மேல் ஒரே ஒரு முறை பீய்ச்சினான்.

டிக்... டிக்... டிக்...

இருட்டில் நீல நெருப்பு ஊர்ந்தது. பிளக் வயர் நாலிலும்.

டீச்சர் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட், வயர்ல இருக்கிற ஓட்டை வழியா வெளியே தாவுது. அந்தப் பொறிதான் ரேடியோவுல டிக் டிக்னு கேக்குது. காஞ்சிருந்தா தெரியாது, ஈரம் பட்டா வழி கிடைச்சிடும். வளைவுல ஏரிப் பனி உள்ளே புகுந்துடுது, அதான் அங்கேயே நிக்குது."

"ஓட்டை எப்படி வந்தது? எலியா?"

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் உறை மாட்டிய கையால் வயரின் அடிப்பக்கத்தைத் திருப்பினான்.

அவன் முகத்திலிருந்த கேலி காணாமல் போனது.

"எலி ஸ்கேல் வெச்சுக் கடிக்காது டீச்சர்."

வயரின் அடியில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாய் ஓட்டைகள். எல்லாமே முக்கோணம். எல்லாமே ஒரே இடைவெளி.

"இது தோல் தைக்கிற ஊசி, அதுக்குத்தான் முனை முக்கோணமா இருக்கும். சும்மா குத்தி நாசம் பண்ண வந்தவன், கை பழக்கத்துல தையல் மாதிரி நேரா குத்தியிருக்கான். இந்த ஊர்ல இவ்வளவு நேரா தைக்கிற ஆள் ஒருத்தர்தான்..."

கடகடவென்று ஷட்டர் மேலே ஏறியது.

பக்கத்துக் கடையில் தோல் தைக்கும் சீட் கவர்காரர். தங்கையின் புருஷன்.

"மெக்கானிக்கிட்ட காட்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே அக்கா..."

அவர் கையில் தோல் வெட்டும் கத்தி.

"ஏன் மாப்ளே?" டீச்சர் அவரை நோக்கித் திரும்பினாள். "அவ உங்களுக்கு என்ன குறை வெச்சா?"

"விட்டுட்டுப் போறேன்னா. என்னை." அவர் குரல் அமைதியாக இருந்தது. "நீங்களும் இந்தச் சாரல்ல போய்ச் சேந்திருக்கணும்."

மெக்கானிக் பானட்டை அறைந்து சாத்தினான். கனமான ஸ்பானர் ஒன்று அவன் கைக்கு வந்தது.

ஒரு நிமிஷம் இருவரையும் மாறி மாறிப் பார்த்த சீட் கவர்காரர், ஓடிக்கொண்டிருந்த காருக்குள் பாய்ந்தார். மெக்கானிக் டீச்சரை இழுத்து ஓரம் தள்ளினான். கார் சீறிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் பறந்தது.

"தப்பிச்சிட்டானே பாவி!"

"தப்பிக்கட்டும். நான்தான் இன்னும் வயரை மாத்தலையே," என்றபடி போனை எடுத்தான் மெக்கானிக்.

ஏரிக்கரை. பனி சாலையை விழுங்கியிருந்தது.

டிக்... டிக்...

சீட் கவர்காரர் ரேடியோவை அணைத்தார். அணைத்த பிறகும் அந்தச் சத்தம் அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வளைவில் என்ஜின் செத்தது.

அவர் இறங்கவில்லை. இறங்கியவளுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டியபோதும் காதைப் பொத்திக்கொண்டு, "நாக்கைத் தட்டாதே... தட்டாதேம்மா..." என்று அழுதுகொண்டிருந்தார்.

சாயங்காலம் ஷெட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"சரியா அந்த வளைவுலதான் நிப்பார்னு எப்படிய்யா அடிச்சுச் சொன்னே?"

மெக்கானிக், போலீஸ் இழுத்துவந்த காரிலிருந்து கழற்றிய பழைய வயரைச் சுருட்டி அவரிடம் நீட்டினான்.

"சீட் கவர் அண்ணன் வேலைக்கு கேரண்டி உண்டு சார்."