தம்பியின் பாத்திரம்

நெஞ்சத்திரை வந்த பிறகு படங்களில் நடிகர்களே கிடையாது. நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். நாயகிக்கு உங்கள் முகம், அவள் அம்மாவுக்கு உங்கள் அம்மாவின் முகம் என்று அதுவே உங்கள் நினைவிலிருந்து எடுத்துப் பூட்டிவிடும். படம் முடிந்ததும் திருப்பி வைத்துவிடும். ஆனால் எடுத்தபடியே வைக்காது. போன பொங்கலுக்கு ஒரு கொடுமைக்கார மாமனார் படம் வந்து, பல வீடுகளில் அப்பாவி மாமனார்களுக்குக் காபிகூடக் கிடைக்காமல் போயிற்று.

அதனால்தான் பூங்கோதை பயந்தாள். படமாகப்போகும் அவளுடைய மாயாஜால நாவலில், சூனியக்கார ராணியின் கோட்டைக்குள் அக்காவோடு கடைசிவரை நடக்கும் திக்குவாய்த் தம்பி ஒருவன் உண்டு. தன் தம்பி மதியழகனைப் பார்த்துப் பார்த்து எழுதியது. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான்.

இயக்குநர் தேவசகாயம் அந்தப் பாத்திரத்தை வெட்டப் பார்த்தார். "படம் நீளுதும்மா. தம்பி வேண்டாமே."

"அவனை எடுத்தீங்கன்னா கதையையே திருப்பிக் குடுத்துடுங்க சார்." அவள் ஒற்றைக் காலில் நின்றாள். படத்தில் இல்லாத தம்பி மனதிலும் இல்லாமல் போய்விடுவானோ என்று அவளுக்குப் பயம்.

"சரிம்மா, இருப்பான். இன்னும் பெரிய ரோலாவே பண்ணிடறேன்."

கடைசித் திருப்பத்தை யாரிடமும் சொல்லாதது அவர் வழக்கம். எழுதியவளிடமும் சொல்லவில்லை. வெளியீட்டுக்கு முந்தின நாள் அவளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கோட்டை உச்சியில், மதியழகனின் முகத்தோடு நின்ற தம்பி திடீரென்று திக்காமல் பேசினான். "இத்தனை வருஷமும் நடிச்சேன்க்கா," என்று சிரித்தபடி அவள் கழுத்தில் கத்தியை வைத்தான்.

வீட்டுக்கு ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டாள். எல்லாம் அந்தப் பட்டையின் வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புத்திக்குப் புரிந்தது, ஆனாலும் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். நாளைக்கு எண்ணூறு அரங்குகள். எத்தனை அக்காக்கள்! படத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தாள்.

கதவு தட்டப்பட்டது.

"அ... அக்கா, நான்தான். ப... பால்கோவா வாங்கிட்டு வந்திருக்கேன். நா... நாளைக்கு முதல் ஷோவுக்கு டிக்கெட்டும் எடுத்துட்டேன்."

ஐந்து வயதில் அவன் திக்கித் திக்கி அவள் பெயரைச் சொன்ன நாளை வலிய நினைத்துப் பார்த்தாள். அந்தக் குழந்தை முகத்திலும் இப்போது அதே சிரிப்பு இருந்தது.

"கதவைத் தி... திறக்கா."

எவ்வளவு அருமையாக நடிக்கிறான் என்று நினைத்தபடி, பூங்கோதை போலீஸ் ஸ்டேஷன் எண்ணை அழுத்தினாள்.