கீரைக்குள் ஓடும் டாக்சி

கின்சோவுக்கு இனி வாழ்நாளில் கீரையே வேண்டாம். தின்று அலுத்ததால் அல்ல, கழுவி அலுத்ததால்.

இலையுதிர்கால விடுமுறை. அப்பா விடிந்ததும் டாக்சியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பத்து வயதுப் பெண்ணை வீட்டில் தனியாக விட அம்மாவுக்கு மனமில்லை. அதனால் நான்கு நாட்களாக அம்மாவின் ஆய்வுக்கூடத்தில்தான் கின்சோவுக்கு விடுமுறை. அங்கே செகெட் நகரச் சந்தையிலிருந்து வந்த இருபது கிலோ பசலைக்கீரை மலையாகக் குவிந்து கிடந்தது.

"இவ்வளவு கீரையையும் அரைச்சா கடைசியில என்ன கிடைக்கும்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"ஒரு ஸ்பூன் நீலத் தண்ணி" என்றான் ஸலான்.

ஸலான் அம்மாவிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவன். நெடுநெடுவென்று வளர்ந்தவன். எதிலும் அவசரம். அன்றைக்கு ஒரு காலில் கறுப்பு சாக்ஸும் இன்னொரு காலில் கோடு போட்ட சாக்ஸும் மாட்டியிருந்தான்.

"பச்சைக் கீரையில நீலமா? கதை விடாதீங்க அண்ணா!"

"கதை இல்ல கின்சோ. இலையில வெயில் பட்டதும் உள்ளே எலெக்ட்ரான் ஓட ஆரம்பிக்கும். துளியூண்டு சமாச்சாரம். அதை ஓரிடத்துல ஏத்தி இன்னோரிடத்துல இறக்கிவிட ஒரு குட்டிப் புரதம் இருக்கு. அதுதான் நீலம்."

"எங்கப்பா மாதிரி."

"உங்கப்பாவே கெட்டார்! ஒரு நொடிக்குள்ள எத்தனை சவாரி போகும் தெரியுமா?"

அவன் ஒரு தாளில் படம் போட்டான். நூலை மடித்து மடித்துச் சுருட்டியதுபோல் ஒரு பீப்பாய். அதன் ஒரு முனையில் ஒரு புள்ளி.

"இது செம்பு அணு. ஒண்ணே ஒண்ணு. நாலு கை சேர்ந்து அதைப் பிடிச்சிருக்கு. எலெக்ட்ரான் ஏறும்போது அந்தக் கைங்க அசையுதா, இல்ல அப்படியே இருக்கான்னு எனக்குத் தெரியணும். அதுக்கு இதைப் படிகமாக்கி எக்ஸ்-ரே எடுக்கணும்."

எக்ஸ்-ரே எடுக்கும் இடம் புடாபெஸ்டில் இருந்தது. வியாழக்கிழமை மாலை ஆறு மணி ரயிலில் நீலம் கிளம்பியாக வேண்டும். தவறவிட்டால் அடுத்த முறை கிடைக்க ஐந்து மாதம் ஆகும். ஏற்கெனவே இரண்டு தடவை அரைத்த சாறு பழுப்பாகிக் கெட்டுப்போயிருந்தது.

"இதுவும் போச்சுன்னா படிப்பை மூட்டை கட்டிட்டு மாமாவோட மிளகாய்த் தூள் மில்லுக்குப் போயிடுவேன்" என்றான் ஸலான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கண் சிரிக்கவில்லை.

கின்சோ யோசித்தாள். "நறுக்கின ஆப்பிள் கறுத்துடாம இருக்க அம்மா எலுமிச்சம்பழம் பிழிவாங்களே?"

"அடி சக்கை! எலுமிச்சையில வைட்டமின் சி!"

அலமாரியில் அது வெள்ளைப் பொடியாகவே இருந்தது. சாற்றில் ஒரு ஸ்பூன் போட்டான். ஆசை விடவில்லை, இன்னொரு ஸ்பூனும் போட்டான். இந்தத் தடவை சாறு கெடவே இல்லை.

வியாழக்கிழமையும் வந்தது. குளிர் அறையில் கின்சோவின் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் நின்றது. அதில் சாற்றைப் பிரித்தெடுக்கும் வேறொரு வெள்ளைப் பொடி நிரப்பியிருந்தார்கள். மேலே ஊற்றிய சாறு பொடிக்குள் இறங்கி, கீழே சின்னச் சின்னக் குப்பிகளில் சொட்டியது. மொத்தம் அறுபது குப்பிகள். சுவரில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'நீலத்தை வை. மற்றதைக் கொட்டு.'

அம்மாவுக்கு இரண்டு மணி வரை பக்கத்துக் கட்டடத்தில் வகுப்பு. கம்பளிக் கோட்டுக்குள் நடுங்கியபடி இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாவது குப்பி. முப்பதாவது குப்பி. அறுபதாவது குப்பியும் நிறைந்தது. எல்லாமே வெறும் தண்ணீர்போல் இருந்தன. நீலம் வரவே இல்லை.

ஸலான் குப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே தொட்டிக்குப் போனான். முதல் குப்பியைக் கவிழ்த்தான். பிறகு இரண்டாவது, மூன்றாவது.

எலுமிச்சை யோசனை தன்னுடையது என்பது கின்சோவுக்கு நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் சொன்னாள்.

"அண்ணா, என்னாலதான். நான் எலுமிச்சை பத்திச் சொல்லலேன்னா நீங்க அந்தப் பொடியைப் போட்டிருக்க மாட்டீங்க."

"அட போ! ரெண்டாவது ஸ்பூனையும் நீயா போட்ட?" என்றான் அவன். குரல் கரகரத்தது. நான்காவது குப்பியையும் கவிழ்த்தான்.

அழுகையை மறைக்கக் கின்சோ ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே தெருவில் ஒரு டாக்சி நின்றது. ஒரு மாமா மூன்று பெட்டிகளோடு திணறித் திணறி உள்ளே ஏறினார். கதவு மூடியதும் கூரையில் எரிந்த மஞ்சள் விளக்கு அணைந்தது. வண்டி கிளம்பியது.

கின்சோ பாய்ந்துவந்து ஸலானின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நிறுத்துங்க! அந்தக் குட்டிப் புரதம் காலியா இருக்கும்போதுதான் நீலமா? எலெக்ட்ரான் ஏறிட்டா என்ன நிறம்?"

"ஏறிட்டா..." என்று ஆரம்பித்தவன் கையிலிருந்த ஐந்தாவது குப்பியைத் தட்டில் திருப்பி வைத்தான்.

"எங்கப்பா டாக்சியில ஆள் ஏறினா கூரை விளக்கு அணைஞ்சிடும். விளக்கு தெரியலேன்னா வண்டியே இல்லேன்னு அர்த்தமா? சவாரியில இருக்குன்னுதானே அர்த்தம்!"

ஸலான் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். "ஏறிட்டா நிறமே இருக்காது! பரீட்சையில எழுதி மார்க்கெல்லாம் வாங்கியிருக்கேன், மரமண்டை! வைட்டமின் சி எலெக்ட்ரானை வாரி வழங்கும். நான் ரெண்டு ஸ்பூன் போட்டேன். எல்லா வண்டியிலயும் ஆள் ஏறிடுச்சு!"

"அப்போ இறக்கிவிடுங்க!"

எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும் மஞ்சள் மருந்து ஒன்று அங்கே இருந்தது. யோசனை சொன்னது கின்சோ. அதனால் சொட்டுவிடும் வேலையை ஸலான் அவளிடமே கொடுத்தான். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு குப்பியிலும் ஒரே ஒரு சிறு சொட்டு விட்டாள்.

ஐந்தாவது குப்பியில் ஒன்றுமில்லை. பதினைந்தாவதிலும் ஒன்றுமில்லை. கொட்டிய நான்கிலேயே எல்லாம் போயிருக்குமோ? இருபதாவதிலும் ஒன்றுமில்லை. ஸலான் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தான்.

இருபத்தி மூன்றாவது குப்பியில் சொட்டு விழுந்தது. தெளிந்த தண்ணீருக்குள் நீலம் பிறந்தது. பேனா மையைவிட அழகான நீலம்.

"வந்துடுச்சு!" என்று கின்சோ கத்தினாள். ஸலான் குதித்த குதியில் தலை விளக்கில் இடித்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தான்.

வகுப்பு முடிந்து வந்த அம்மா இல்திகோ, வரிசையாக நின்ற ஒன்பது நீலக் குப்பிகளைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். பிறகு சுவரில் இருந்த தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'கொட்டும் முன் ஒரு சொட்டு விட்டுப் பார்.'

"யார் சொன்னதுன்னு பேரும் போடுங்கம்மா!" என்றாள் கின்சோ. அம்மா போட்டாள்.

மூவருமாகச் சேர்ந்து சுத்தம் செய்து முடித்தபோது ஒரு ஸ்பூன் நீலம் கிடைத்தது. அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மூடினார்கள். ஐந்தேகால் மணிக்கு அப்பா ஆகோஷின் டாக்சி வாசலில் வந்து நின்றது.

ஸலான் பெட்டியைப் பின் இருக்கையில் வைத்து, குழந்தைக்கு மாட்டுவதுபோல் பெல்ட் மாட்டினான். பக்கத்தில் கின்சோவும் முன்னால் ஸலானும் உட்கார்ந்தார்கள்.

"பெட்டியில என்னடா செல்லம்?" என்று அப்பா கேட்டார்.

"டாக்சிங்கப்பா. கோடி கோடியா இருக்கு. இப்போ எல்லாம் நீலம். அப்படின்னா எல்லாமே காலி."

"அடேங்கப்பா, அத்தனை வண்டியும் காலியா? அப்போ இன்னைக்கு எனக்கு மட்டும்தான் சவாரி" என்ற அப்பா, கூரை விளக்கை அணைத்துவிட்டு ரயில் நிலையத்துக்கு வண்டியைக் கிளப்பினார்.