தொங்கவிட்ட செடிகள்

செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, சாயாமல் இருக்கத் தளர்வாகக் கட்டிவிடுவதுதான் ஊர் உலக வழக்கம். இங்கே ஒவ்வொரு செடிக்கும் இருபுறமும் இரும்புக் கம்பி, அவற்றின் தலையில் குறுக்காக இன்னொன்று. அந்தக் குறுக்குக் கம்பியிலிருந்து இறங்கிய நைலான் கயிறு செடியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கயிறு விறைப்பாக இருந்தது. இடுப்பளவுகூட வளராத செடிக்கு எதற்கு இவ்வளவு இரும்பு என்று ஆய்வாளருக்கு உறுத்தியது.

நிலக்கரி எடுத்து முடித்த குழியை மண் போட்டு மூடி, மேலே செடி நட்டு, பழைய நிலம் திரும்பிவிட்டது என்று சுரங்கக்காரர்கள் சொல்வார்கள். அது மெய்தானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. போட்டுவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் யாரும் அந்த மண்ணைக் கிளற முடியாது. ஆய்வுக்கு முந்தின நாள் வெறும் கிளைகளை ஒடித்துச் செருகிவைக்கும் கில்லாடிகள் உண்டு என்பதால், எங்கே போனாலும் நாலு செடியையாவது இழுத்துப் பார்த்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால் 'செடிபிடுங்கி' என்று பட்டம். அதற்கெல்லாம் அவள் அசைந்துகொடுத்ததில்லை.

இன்றைக்கு அவள் நெஞ்சை அரித்தது வேறு. இந்தக் குழியை நிரப்பிய புல்டோசர்களில் ஒன்றை ஓட்டியவன் அவளுடைய தம்பி. மழைக்காலத்தில் ஒருநாள் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்றது நிர்வாகம். செருப்பையும் சாப்பாட்டுப் பையையும் போட்டுவிட்டு எவன் ஓடுவான்? அதுவும் அவன்! சின்ன வயதில் இருட்டென்றால் நடுங்குவான். தன் மணிக்கட்டிலிருந்து அக்காவின் கட்டில் வரை ஒரு கயிறு கட்டிக்கொண்டுதான் படுப்பான். இரண்டு தடவை இழுத்தால், "அக்கா, முழிச்சிருக்கியா?" இவளும் இரண்டு தடவை இழுப்பாள். அப்புறம்தான் தூங்குவான். உறவை மறைத்து, இந்த ஆய்வைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு குறை அகப்பட்டால் போதும், குழியைத் தோண்டச் சொல்லிவிடலாம்.

"என்னங்க இது, செடியையெல்லாம் தூக்குல போட்ட மாதிரி?"

சுரங்க இஞ்சினியரின் வாய் மட்டும் சிரித்தது. "இங்க காத்து ஜாஸ்தி மேடம். ஒரு பாதுகாப்புக்குத்தான்."

ஓர் இலைகூட ஆடவில்லை. இந்த ஆள் யாருக்குக் காது குத்துகிறார்?

"நீங்க வண்டியில உக்காருங்க. நான் பாத்துட்டு வர்றேன்."

ஒரு பேச்சுக்குக்கூட மறுக்காமல் அவர் கிளம்பினார். சரளைப் பாதையை விட்டு ஒரு காலைக்கூட மண்ணில் வைக்காமல் நடந்தார். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பாதையில் நின்றபடியே ஒரு பெண் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உள்ள இறங்கி ஊத்தினா என்ன?"

"மாட்டேங்க." அவள் நிமிரவில்லை. "நீங்களும் கயித்த மட்டும் அவுத்துடாதீங்க. அவுத்தா செடி உள்ள போயிடுது. காலையில வந்து பாத்தா இலை நுனிதான் தெரியும்."

அடச்சே, இவ்வளவுதானா! சரியாக அமுக்காத மண் உள்வாங்குகிறது; அதை மறைக்க இந்த இரும்பு ஜோடனை. குறை கையில் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் எதிரிலேயே ஒன்றை இழுத்துக் காட்டிவிட வேண்டும் என்று மண்ணில் இறங்கினாள்.

கால் புதைந்தது. பொழுது சாய்ந்தும் மண்ணில் வெதுவெதுப்பு இருந்தது. ஈரக் கரியும் பழைய டீசலும் கலந்த வாடைக்கு அடியில், கதவு சாத்திய அறையில் பலர் நெடுநேரம் படுத்திருந்தால் வருமே, அந்தப் புழுக்கமான மூச்சு வாடையும் வந்தது. பாதையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிருந்தது. கயிறுகள் மட்டும் மெல்ல முனகின. சரிவின் நடுவில் ஒரு செடியருகே நின்று, குறுக்குக் கம்பியிலிருந்து முடிச்சை அவிழ்த்தாள். தண்டு வழுக்கியது. பிடி நழுவாமல் இருக்கக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுத்தாள்.

செருகிய கிளையானால் கையோடு வந்திருக்கும். வேர்விட்ட செடியானால் அசைந்திருக்காது. இது கொஞ்சம் மேலே வந்தது. பிறகு திரும்பிப் போனது.

அவள் கையை அசைக்கவில்லை.

கயிறு இழுபட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "டேய்... நீயாடா? இருக்கேன்டா, அக்கா இங்கதான்டா இருக்கேன்!" யோசிக்கவே இல்லை. இரண்டு தடவை இழுத்தாள்.

கயிறு அசையவில்லை.

பிறகு பக்கத்துச் செடி குலுங்கியது. இரண்டு தடவை.

அதற்கடுத்தது. இரண்டு.

வரிசை முழுக்க. சரிவு முழுக்க. இரும்புக் கம்பிகள் கிணுகிணுத்தன, இரண்டு இரண்டாக. முழிச்சிருக்கியா? முழிச்சிருக்கியா? இத்தனை பேரா காணாமல் போனார்கள்? இல்லை. இத்தனை பேர் இந்தச் சுரங்கத்திலேயே கிடையாது. தம்பியிடமிருந்து அந்தக் கேள்வியை வேறு எதுவோ கற்றுக்கொண்டிருந்தது.

பாதையில் அந்தப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல்.

இவள் மணிக்கட்டிலிருந்த சுற்றை உருவப் பார்த்தாள். விரல் உள்ளே நுழையவில்லை. கயிறு இறுகியது. முழங்கால் மண்ணில் பட்டது. செடி இறங்கியது. இலைகள் உள்ளே போயின. பின்னாலேயே கயிறு. கயிற்றின் பின்னாலேயே அவள் கை.

மணிக்கட்டு. முழங்கை.

மண்ணுக்கடியில் அவள் விரல்களை ஏதோ தடவிப் பார்த்தது. வெதுவெதுப்பாக. ஒவ்வொரு விரலாக. பிறகு, ஆசையாய்க் கோத்துக்கொண்டு, இரண்டு தடவை இழுத்தது.