புகை திரும்பிய சாயங்காலம்

ஜீப்பிலிருந்து குதித்த முனீஸ்வரி காட்டுத்தீயைத் தேடினாள். எதிரே மலை சும்மா கிடந்தது. சோழபுரத்து வயலில் கரும்புத் தோகை மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது... பக்கத்தில் கரி அப்பிய முகத்தோடு ஒருத்தன், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

"தோகைய எரிக்க இம்புட்டு பேரு காவலா மேடம்?"

சாட்டிலைட் படத்தில் தீயையும் புகையையும் கண்டுபிடித்து வனத்துறைக்குச் சொல்வது அவள் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத் திரையில் தெரிந்த சூட்டுப் புள்ளியைக் காடு என்று நம்பி, காவலர்களையும் இழுத்து வந்திருந்தாள். முகம் சுண்டிப்போனது.

அவள் கழுத்து அட்டையில் பேரைப் படித்தான். "மேல இருந்து பாத்தா கரும்பும் காடும் ஒண்ணுதான் போல, முனீஸ்வரி மேடம்."

"புகையால ஊருக்குக் கெடுதல்தானே..." என்று சமாளித்தாள்.

"எங்கம்மாவுக்கு இளைப்பு இருக்கு. அவிய தளவாய்புரத்துக்கு அக்கா வீட்டுக்குப் போற நாளா பாத்துத்தான் தீ வைப்பேன். அடுத்த தடவ சந்தேகம் வந்தா, இந்த விஜயபாண்டிக்குப் போன் போட்டுட்டு வாங்க." நம்பரையும் சொன்னான்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் திரும்பும் வழியெல்லாம் அந்தக் குறும்புக் கண்கள் கூடவே வந்தன... அம்மா இல்லாத நாள் பார்த்துத் தீ வைக்கும் மனசும். சே, என்று தலையை உதறிக்கொண்டாள்.

பங்குனியில் மலை நிஜமாகவே எரிந்தது. செண்பகத்தோப்பிலிருந்தும் தீயணைக்க ஆட்கள் போனார்கள். மதியம்வரை மேற்கே போன புகை, அடுத்தடுத்த படங்களில் மெல்லத் திரும்பியது. பொழுது சாய்ந்தால் சோழபுரத்தில் இறங்கும். ஊருக்குச் சொல்ல ஆள் அனுப்பியாயிற்று. ஆனால் விஜயபாண்டியின் அம்மா...

போனை எடுத்தாள், வைத்தாள். இதுவும் தப்பாகிவிட்டால் காலத்துக்கும் சிரிப்பானே... சிரித்தால் சிரிக்கட்டும்.

"அன்னைக்குத் தப்பா வந்த முனீஸ்வரி பேசுறேன். அம்மாவ உடனே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கூட்டிட்டு வந்துருங்க. புகை உங்க ஊருக்குத் திரும்புது."

"இங்க வானம் பளிச்சுனு இருக்கே..."

"இந்தத் தடவ நம்புங்க."

சாயங்காலம் அலுவலக வாசலில் பைக் வந்து நின்றது. விஜயபாண்டி... பின்னால் அவன் அம்மா வெள்ளைத்தாய்.

"இந்த ஊருல உங்கள விட்டா யாரையும் தெரியாது மேடம்."

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அதற்குள் அவன் போன் அடித்தது. ஊர் முழுக்கப் புகை, எதிர்வீடு தெரியவில்லை என்றார்கள். போனை வைத்துவிட்டு, நிதானமாக மூச்சு விடும் அம்மாவையே பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"எப்படி நன்றி சொல்லன்னு தெரியல..."

"அந்தப் புள்ள நீதானா தாயி?" என்றாள் வெள்ளைத்தாய். "சோத்துல கைய வச்சா உன்னயத்தான் ஏசுதான். ஒரு மாசமா உன் பேருதான் எங்க வீட்டுல."

அவன் காது சிவந்தது. முனீஸ்வரி வேண்டுமென்றே வாசல்வரை நடந்தாள். பின்னாலேயே வந்தான்.

"ஏசணும்னு ஏசல..." குரல் இறங்கியது. "உங்க பேரச் சொல்ல எனக்கு வேற வழி தெரியல."

அவள் குனிந்துகொண்டாள். அன்றைக்குத் தன்னைத் தலைகுனிய வைத்த அந்தத் தப்பான புள்ளிக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

"எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு... இனிமே ஏசாமலே சொல்லலாம்."

"முனீஸ்வரி..." என்றான், முதல்தடவையாக மேடம் இல்லாமல்.