தம்பிக்கு வைத்த படையல்

மானகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சி வெயில். தம்பி முத்துக்கருப்பனின் பதினாறாம் நாள். 1969 என்று நினைவு. காரைக்குடியில் அறை எடுத்துத் தங்கி இன்ஜினியரிங் படித்தவன். பரீட்சைக்கு முந்தின நாள், படித்துக்கொண்டிருந்த இடத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பது எங்கள் வழக்கம். ஆத்தா நெய்ச்சோறும் பணியாரமும் வைத்திருந்தாள். இலையோரம் சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்று, பாதி மாத்திரையோடு.

"அது என்னாத்தா?"

"அவன் பெட்டில கெடந்துச்சு. பரீட்சைக்குச் சத்து மாத்திரையாம். சோறு இல்லாம இருப்பேன், இது இல்லாம முடியாதும்பான்."

கதவைச் சாத்தினோம். அப்போதுதான் காரைக்குடியில் தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருந்த சத்தியமூர்த்தி வந்தான். புட்டியைப் பற்றி நான் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அத ஏங்க்கா வச்சீக?" என்று காதோரம் கிசுகிசுத்தான். "தூக்கத்த வெரட்டுற மாத்திரைக்கா. யாரோ ஒரு பொம்பளைக்கு ஒடம்பு எளைக்க டாக்டர் எழுதுன சீட்டு. அதக் காட்டித்தான் பசங்க எல்லாரும் வாங்குவோம். கடைசியில நாள் கணக்கா இவன் கண்ண மூடல. படுடான்னா, நீ தூங்கு, ஒனக்குஞ் சேத்து நானே பாஸாகிர்றேன்னு சிரிப்பான்."

நான் எழுந்து கதவில் கை வைத்தேன். ஆத்தா தட்டிவிட்டாள்.

"புள்ள சாப்புடுதுடி. பாதியில தெறக்காத."

உள்ளே புட்டி உருளும் சத்தம்.

பிறகு, நறநறவென்று பல்லைக் கடிக்கும் சத்தம்.

சத்தியமூர்த்தி சுவரோடு ஒட்டிக்கொண்டான். "மாத்திரை போட்டா இப்படித்தான் கடிப்பான்."

சத்தம் ஓய்ந்த பிறகு ஆத்தாவே திறந்தாள். சோறு கலையவில்லை. பணியாரம் வைத்தபடி இருந்தது.

புட்டி காலி.

"பசியே இல்லையாய்யா?" என்று ஆத்தா இலையைப் பார்த்துக் கேட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு உறக்கம் போனது. தம்பியைத்தான் விட்டுவிட்டோம், இவளையாவது காப்பாற்ற வேண்டும் என்று கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தேன். கண் சொருகும்போதெல்லாம் யாரோ தோளை உலுக்கியதுபோல நிமிர்ந்து உட்காருவாள்.

"எம்புள்ள தனியா முழிச்சிருக்கு. நான் எப்புடித் தூங்குறது?"

மழை தொடங்குவதற்குள் வெறும் எலும்பாகிப்போனாள். ஒரு சாயங்காலம் என் மடியிலேயே மூச்சு அடங்கியது. எனக்கு அழுகைகூட வரவில்லை. இனியாவது தூங்கட்டும் என்றுதான் தோன்றியது. விரலால் இமைகளை மூடினேன்.

அன்று படையல் வைத்த அறை சாத்தியே கிடந்தது. அதற்குள்ளிருந்து தம்பியின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை. கெஞ்சுகிற குரல்.

"தூங்கிராத ஆத்தா."

என் விரலுக்கடியில் இமைகள் மெல்லத் திறந்தன.