எதிர்க்கடைக்குப் போன நோட்டீஸ்

காலை எட்டு மணி. சலவைக் கடையின் ஷட்டரைத் தூக்கிய அண்ணி, கீழே விழுந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். இடுக்கில் யாரோ செருகியிருந்த நோட்டீஸ் எதிரே உள்ள சலவைக் கடையுடையது. ஆனால் சரக்கு முழுக்க இவளுடையது. அதே தலைப்பு, அதே சட்டைப் படம், அதே காலண்டர், சலுகை நாட்களைச் சுற்றி அதே வட்டங்கள். இவளுடைய நோட்டீஸோ இன்னும் அச்சுக்கே போகவில்லை.

அவளுடைய நாத்தனார் போலீஸில் ஏட்டு. வீட்டில்கூட 'ஏட்டம்மா'தான். போன் போனதும் வந்துவிட்டாள். உள்ளே அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அண்ணி நோட்டீஸ் வரைந்த டிசைன் பொண்ணைப் பிடித்து வறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஃபைல் உன்கிட்டதானே இருந்துச்சு? திருட்டு வேலை பண்ணிட்டு முழிக்கிறதைப் பாரு. இந்த வீதியில இனி ஒரு கடையும் உன்னை உள்ள விடாது. நான் விடமாட்டேன்."

அந்தப் பொண்ணு போனில் இருந்த ஃபைலைத் திறந்து நீட்டினாள். இப்போதுதான் தொழில் தொடங்கியவள். திருடி என்ற பேர் ஒட்டிக்கொண்டால் அப்புறம் எவன் வேலை கொடுப்பான்?

"பொறுங்க அண்ணி. வேற யாருக்குக் காட்டினீங்க?"

"ரெண்டே பேருக்கு. எப்படி இருக்குன்னு கருத்து கேட்டேன். இஸ்திரிக்காரருக்குப் போன்ல அனுப்பினேன். உங்க அண்ணனுக்குப் போன்ல எழுத்து பொடிப்பொடியா தெரியுதாம். அதனால இந்த பில் அடிக்கிற பிரிண்டர்ல பெருசா ஒண்ணு எடுத்துக் கொடுத்தேன்."

மூலையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரரை ஏட்டம்மா பார்த்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"சிவப்பு பளிச்சுன்னு இருக்கு, பச்சை எடுபடலன்னு சொன்னேன்மா."

"நீ என்ன சொன்னே அண்ணா?"

"எதுக்கு இத்தனை வட்டம், பாதி விலையை இப்படியா அள்ளி விடுறதுன்னு கேட்டேன். அவ எங்க என் பேச்சைக் கேட்டா?" அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஏட்டம்மா அந்தப் பொண்ணின் போனை வாங்கி, எதிர்க்கடை நோட்டீஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். போனில், சிவப்பு வட்டமிட்ட ரெண்டு நாள் மட்டும் பாதி விலை. பச்சை வட்டமிட்ட நாட்களில் வீட்டுக்கே வந்து துணி எடுப்பார்கள். எதிர்க்கடைக்காரனோ எல்லா வட்டத்தையும் நீலமாக்கி, வட்டமிட்ட எல்லா நாளும் பாதி விலை என்று போட்டிருந்தான்.

ஏட்டம்மாவுக்குப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. தூக்கி வளர்த்த அண்ணன். ஆனால் எதிரே அந்தப் பொண்ணு நின்றாள்.

"கலர்ல பார்த்த யாருக்கும் இந்தக் குழப்பம் வராது அண்ணி. சலுகை ரெண்டு, நிறம் ரெண்டு. இதைத் திருடினவன் பார்த்தது கறுப்பு வெள்ளையில. அதுல சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். எல்லா நாளும் பாதி விலைன்னு நெனச்சு, வாங்கினவனும் அப்படியே அடிச்சுட்டான். உங்க பில் பிரிண்டர் கறுப்புல மட்டும்தானே அடிக்கும்? அதுல எடுத்தது ஒரே ஒரு காப்பி." அவள் குரல் இறங்கியது. "அள்ளி விடுறதுன்னு சொன்னியே அண்ணா, அப்பவே எனக்கு உறுத்துச்சு. அந்தக் காகிதத்தை எடு, பார்க்கலாம்."

அண்ணன் சட்டைப் பையைத் தொடக்கூட இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தான்.

"கடை படுத்துட்டா வீட்டோட இருப்பாளேன்னு நெனச்சேன். வேற கெட்ட எண்ணம் எதுவும் இல்ல." மனைவி பக்கம் திரும்பினான். "வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அண்ணி அந்தப் பொண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு என்மேலதாம்மா, மன்னிச்சிடு. குழப்புற வட்டத்தை மட்டும் எடுத்துட்டு, தேதியை எழுத்துல போட்டு இன்னிக்கே அச்சுக்கு அனுப்பு." பிறகு புருஷனிடம் திரும்பினாள். "கடையைக் கெடுத்ததைக்கூட விடுங்க. நான் இவளைத் திருடின்னு சொன்னப்போ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க? வீட்டுக்கு நீங்க போங்க. நான் வர்றதைப் பத்தி அப்புறம் சொல்றேன்."